விழுங்கியதா, ஒட்டியதா: மேக்ரோஃபேஜ் சோதனைக்குச் சாயம் தேர்ந்தெடுத்தல்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டுத் திட்டப்பணியைத் தொடங்கும் மாணவரும், சிங்கப்பூரின் பயோபொலிஸ் ஆய்வு வளாகத்துக் கூடமொன்றில் புதிதாகச் சேர்ந்த ஆய்வு உதவியாளரும் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றே: நோயெதிர்ப்பு உயிரணுக்கள் துகள்களை எவ்வளவு விழுங்குகின்றன என்பதை அளக்க எந்தச் சாயத்தை வாங்கலாம்? விலைப்பட்டியலைப் புரட்டினால் கீம்சா முதல் பிஎச்ரோடோ வரை எல்லாமே விழுங்கலை அளப்பவை என்றே விற்கப்படுகின்றன. ஆனால் அவை அளப்பது ஒரே பொருளை அன்று. ஒன்று துகளையும் உயிரணுவையும் கண்ணுக்குக் காட்டுகிறது. ஒன்று சவ்வுக்கு உள்ளே இருப்பதை வெளியே இருப்பதிலிருந்து பிரிக்கிறது. ஒன்று துகள் போய்ச் சேர்ந்த இடம் அமிலமாகிவிட்டதா என்று சொல்கிறது. இன்னொன்று விழுங்கலை அளப்பதே இல்லை. ஆகவே விலையையும் கருவியையும் பார்ப்பதற்கு முன், எந்த உயிரணுவிடம் எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

இக்கட்டுரைக்கு ஒரு சூழலை வைத்துக்கொள்கிறேன். தேக்கா சந்தையில் வாங்கிய நிலவேம்பையோ சீந்திலையோ மஞ்சளையோ சாறாக்கி, அது ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் ஆர்ஏடபிள்யூ 264.7 என்ற எலி மேக்ரோஃபேஜ் (துகள்களை விழுங்கும் நோயெதிர்ப்பு உயிரணு) வரிசையின் விழுங்கும் திறனைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்று பார்க்க விரும்பும் மாணவரின் சூழல் அது. மனித இரத்தத்திலிருந்து பிரித்த நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்களோடு வேலை செய்பவருக்கு விடை மாறும். அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

விழுங்கல் என்ற நிகழ்வை உயிரியலாளர் மெச்னிகோவ் 1882இல் இத்தாலியின் மெசினாவில், நட்சத்திர மீனின் இளம்புழுக்களில் கண்டார். ஒளி ஊடுருவும் அந்தச் சிற்றுயிரில் நுழைத்த முள்ளை நகரும் உயிரணுக்கள் சூழ்ந்துகொண்டதை அவரால் நேரே பார்க்க முடிந்தது. 1908ஆம் ஆண்டின் நோபெல் பரிசை அவர் பால் எர்லிக்குடன் பகிர்ந்துகொண்டார். எர்லிக் சாயங்களால் உயிரணுக்களை வகைபிரித்துப் பெயர்பெற்றவர் என்பதால், விழுங்கலும் சாயமும் அப்போதே ஒரே மேடையில் நின்றன எனலாம். பார்ப்பதிலிருந்து எண்ணுவதற்கு வந்தபோதுதான் சிக்கல் பிறந்தது. பொதுவாக அரை மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துகளை ஏற்பிகள் வழியாகப் பற்றி, ஆக்டின் இழைகளின் உந்துதலால் சவ்வை நீட்டிச் சூழ்ந்து, ஃபேகோசோம் எனப்படும் பைக்குள் அடைப்பதே விழுங்கல். பற்றும் கட்டமும் அடைக்கும் கட்டமும் வெவ்வேறு. உயிரணுவின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்கும் ஒளிரும் துகளும் உள்ளே போன துகளும், உயிரணுக்களை ஒவ்வொன்றாக லேசரின் முன் ஓடவிட்டு ஒளிர்வை அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டருக்கு ஒரே அளவு வெளிச்சம்தான். மூலிகைச் சாறு ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டி ஒட்டுதலை மட்டும் பெருக்கினாலும், வரைபடம் ‘விழுங்கல் உயர்ந்தது’ என்றே காட்டும். சாயங்களை ஒப்பிடும்போது நான் முதலில் கேட்பது, இந்த இரண்டையும் பிரிக்க அது என்ன வழி வைத்திருக்கிறது என்பதைத்தான்.

கீம்சா சாயத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெத்தனாலில் நிலைப்படுத்திய கண்ணாடித் தகட்டில் (வில்லையில்) உட்கரு ஊதாவாகவும் சைட்டோபிளாசம் சாம்பல்நீலமாகவும் வரும். சுமார் 3 மைக்ரோமீட்டர் அளவுள்ள சைமோசான் துகள்கள், அதாவது ஈஸ்ட்டின் உயிரணுச் சுவர்த் துண்டுகள், அதனுள் உருண்டை உருண்டையாகத் தெரியும். இருநூறு உயிரணுக்களை எண்ணி, விழுங்கியவற்றின் விழுக்காட்டையும் ஓர் உயிரணுவுக்குச் சராசரியாக எத்தனை துகள் என்பதையும் பெருக்கினால் விழுங்கல் குறியெண் கிடைக்கும். செலவு மிகக் குறைவு. சாதாரண நுண்ணோக்கி போதும். ஆனால் உயிரணுவின் மேற்பரப்பில் படிந்த துகளும் உள்ளிருக்கும் துகளும் தட்டையான வில்லையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால், குவியத்தை மேலும் கீழும் நகர்த்தினாலும் ஐயம் முழுவதும் தீராது. எண்ணுபவருக்கு எந்த வில்லை எந்தச் சாற்றுக்குரியது என்று தெரிந்திருந்தால் எண்ணிக்கையும் அந்தப் பக்கமே சாயும். இதை ஒரே ஆதாரமாக வைக்கக் கூடாது. எந்த ஒளிர்வு முறையைத் தேர்ந்தாலும் அதன் அருகில் ஒரு கீம்சா வில்லையாவது இருக்கத்தான் வேண்டும். கருவி தரும் எண் உண்மையில் உயிரணுக்களிலிருந்து வருகிறதா, கட்டியாகத் திரண்ட சைமோசானிலிருந்து வருகிறதா என்பதை அந்த வில்லை ஒரே பார்வையில் சொல்லிவிடும்.

எஃப்ஐடிசி என்ற பச்சையாக ஒளிரும் சாயத்தைத் துகளின் மேல் பிணைத்து, விழுங்கல் முடிந்தபின் டிரிப்பான் புளூ ஊற்றி வெளி ஒளிர்வை அணைப்பது இரண்டாவது வழி. மாணவர் திட்டப்பணிக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதையே. இறந்த உயிரணுக்களைக் கண்டறிய எல்லா ஆய்வுக்கூடங்களிலும் வைத்திருக்கும் அதே நீலச் சாயம் இங்கே வேறு வேலை செய்கிறது. உயிருள்ள உயிரணுவின் சவ்வைத் தாண்ட முடியாத அது, வெளியே ஒட்டியிருக்கும் துகளின் மேல் படிந்து எஃப்ஐடிசியின் பச்சை ஒளிர்வை அடக்கிவிடுகிறது; உள்ளே போன துகளை அதனால் தொட முடியாது. ஒரே குழாயை டிரிப்பான் புளூ சேர்ப்பதற்கு முன்னும், சேர்த்து ஒரு நிமிடம் கழித்தும் ஓட்டிப் பார்த்தால், வரைபடத்தில் ஒளிர்வு மிகுந்த வலப்பக்கம் நின்ற பச்சைக் குன்றிலிருந்து ஒரு பகுதி பிரிந்து இடப்பக்கம் நகர்வது திரையில் தெரியும். நகர்ந்தது ஒட்டியிருந்த பங்கு. நகராமல் நின்றது விழுங்கிய பங்கு. ஒட்டுதலும் விழுங்கலும் ஒரே மாதிரியிலிருந்து தனித்தனியே கிடைப்பது இம்முறையின் பெரிய பலம். 488 நானோமீட்டர் லேசர் பொதுப் பயன்பாட்டு சைட்டோமீட்டர்களில் எப்போதும் இருப்பதால் கருவிக்காக அலைய வேண்டியதும் இல்லை.

ஆனால் இது எல்லாத் துகளுக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. கடையில் கிடைக்கும் ஒளிரும் பாலிஸ்டைரின் மணிகள் பலவற்றில் சாயம் மேற்பரப்பில் இல்லை; பிளாஸ்டிக்கின் உள்ளேயே ஊறியிருக்கிறது. டிரிப்பான் புளூ அதை எட்டுவதில்லை. மணிகளுக்கு வேறொரு அழகு உண்டு: ஒரே அளவு வெளிச்சமுள்ளவை என்பதால் ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி என்று வரைபடத்தில் தனித்தனி முகடுகள் எழும், ஓர் உயிரணுவில் எத்தனை என்று எண்ணிவிடலாம். ஆனால் அந்த முகடுகள் ஒட்டிய மணியையும் சேர்த்தே எண்ணுகின்றன. மணி வாங்கி டிரிப்பான் புளூவால் அணைக்கத் திட்டமிடுபவர், மணியை மட்டும் நீலச் சாயத்தில் கலந்து ஒளிர்வு விழுகிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

உயிரணுக்களின் நிலையும் முக்கியம். ஆர்ஏடபிள்யூ உயிரணுக்கள் தட்டில் நன்றாகப் பிடித்துக்கொள்பவை. அவற்றை அவசரமாகச் சுரண்டி எடுத்தால் சவ்வு கிழிந்தவை பெருகும். கிழிந்த சவ்வு வழியே டிரிப்பான் புளூ உள்ளே போய், விழுங்கிய துகளையும் அணைத்துவிடும். விழுங்கல் குறைந்ததுபோலத் தோன்றும். உயிரணுக்களுக்கு நஞ்சாக இருக்கும் சாற்றைச் சோதிக்கும்போது இது இரட்டைப் பொறி, ஏனெனில் சாற்றின் அளவு கூடக்கூட இறந்தவையும் கூடும். டிரிப்பான் புளூ புரதத்தோடு சேர்ந்து சிவப்பில் தானும் ஒளிரும். ஆகவே இறந்தவற்றை வடிகட்டச் சிவப்பு அலைவரிசையில் இன்னொரு சாயம் வைக்க நினைப்பவர் மறுபடியும் யோசிக்க வேண்டும். அந்தச் சிவப்பு ஒளிர்வையே இறந்த உயிரணுக்களை ஒதுக்கப் பயன்படுத்திக்கொள்வோரும் உண்டு, அது கெட்டிக்காரத்தனம்.

இன்னொரு குறை எஃப்ஐடிசிக்கே உரியது. பிஎச் (அமிலம் கூடக்கூடக் குறையும் அளவு) 6.4க்கு இறங்கும்போது அதன் ஒளிர்வு பாதியாகும். மேக்ரோஃபேஜின் ஃபேகோசோம் முதிர்ந்து பிஎச் 5க்கு அருகே வரும்போது பெரும்பகுதி மங்கிவிடும். அதாவது, நன்றாக விழுங்கி நன்றாகச் செரிக்கும் உயிரணுவே குறைவாக ஒளிரும். அரை மணி நேரச் சோதனையில் இது தாங்கக்கூடியது. பல மணி நேரம் ஓட்டினால் வளைவு உயர்ந்து பின் தாழும், அந்தத் தாழ்வை ‘விழுங்கல் நின்றது’ என்று படிப்பது தவறு. பிஎச் 4 முதல் 10 வரை ஒளிர்வு மாறாத அலெக்சா ஃப்ளூர் 488க்கு மாறினால் இச்சிக்கல் தீரும். விலை மட்டும் கூடும். உங்கள் துகளின் மேல் டிரிப்பான் புளூ அதை முழுமையாக அணைக்கிறதா என்பதை மேலே சொன்னபடியே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பிஎச்ரோடோ இதற்கு நேர் எதிரான குணமுடையது. நடுநிலைக் கரைசலில் மங்கலாகவும், அமிலத்தில் பிரகாசமாகவும் ஒளிரும் சாயம் அது. வெளியே ஒட்டியிருப்பது இருண்டே இருக்கும். உள்ளே போய் ஃபேகோசோம் அமிலமானதும் எரியத் தொடங்கும். கழுவ வேண்டாம், அணைக்க வேண்டாம், தட்டை 37 டிகிரி செல்சியஸில் வைத்து ஒவ்வொரு பதினைந்து நிமிடத்துக்கும் படம் எடுத்துக்கொண்டே போகலாம். நேர ஓட்டத்தில் வேகத்தை ஒப்பிட வேண்டியவருக்கும், நூற்றுக்கணக்கான சேர்மங்களை ஒரே தட்டில் வடிகட்ட வேண்டியவருக்கும் இதைவிட வசதியானது எதுவும் இல்லை. விலை உறுத்தும், ஆயினும் கழுவும் வேலையும் அதில் இழக்கும் உயிரணுக்களும் மிச்சம் என்பதைக் கணக்கில் சேர்த்தால் அந்த விலையில் நியாயமுண்டு.

பிஎச்ரோடோவைப் பற்றிய என் தயக்கம் விலையால் வந்ததன்று. அது சொல்வது ‘துகள் அமிலமான இடத்தில் இருக்கிறது’ என்பதை. ‘துகள் உள்ளே இருக்கிறது’ என்பதை அன்று. பெரும்பாலான மேக்ரோஃபேஜ் சோதனைகளில் இரண்டும் ஒன்றே, அதனால் வேறுபாடு மறந்துபோகிறது. நியூட்ரோஃபில்களில் அது மறக்கக்கூடியதாக இல்லை. துகளை விழுங்கியவுடன் அங்கே ஆக்சிடேஸ் நொதி ஃபேகோசோமுக்குள் எலக்ட்ரான்களைக் கொட்டுகிறது; உருவாகும் சூப்பர்ஆக்சைடு புரோட்டான்களை நுகர்ந்துகொண்டே இருப்பதால் முதல் கட்டத்தில் உள்ளிடம் நடுநிலையாகவோ சற்றே காரமாகவோ இருக்கும். விழுங்கி முடித்த நியூட்ரோஃபில் இருண்டு கிடக்கும். அளப்பவர் அது விழுங்கவில்லை என்று எழுதிக்கொள்வார். காசநோய்க் கிருமியும் தான் குடியிருக்கும் ஃபேகோசோம் முழுமையாக அமிலமாவதைத் தடுக்கிறது என்பது நன்கு அறியப்பட்ட செய்தி. அத்தகைய நுண்ணுயிர்களின் நுழைவை இச்சாயத்தால் அளப்பது பொருத்தமற்றது. சோதிக்கும் மருந்தே அமிலத்தன்மையை மாற்றினாலும் இதே கதைதான். குளோரோகுயின் போன்ற வலுக்குறைந்த காரங்கள் அமிலப் பைகளில் சேர்ந்து பிஎச்சை உயர்த்தும். விழுங்கல் மாறாதபோதும் பிஎச்ரோடோ ஒளிர்வு சரியும். என்னென்ன சேர்மங்கள் இருக்கின்றன என்று முழுமையாகத் தெரியாத மூலிகைச் சாற்றை வைத்துக்கொண்டு பிஎச்ரோடோவை மட்டும் நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. புரோட்டான் பம்பைத் தடுக்கும் பாஃபிலோமைசின் சேர்த்து, ஒப்பீட்டுக்கான ஒரு கட்டுப்பாட்டுக் குழியையாவது வைத்தால், ஒளிர்வில் எவ்வளவு அமிலத்தால் வருகிறது என்பது தெரியும். சாறு எதைத் தொட்டது என்பதை அது சொல்லாது. அதற்கு மேலே சொன்ன டிரிப்பான் புளூ முறையோடு ஒப்பிட வேண்டும்.

நான்காவது வழி இருநிறச் சாயமிடல். துகளின் மேல் பச்சைச் சாயத்தோடு பயோட்டினையும் பிணைத்து, விழுங்கல் முடிந்ததும் தட்டைப் பனிக்கட்டியின் மேல் வைத்து, சவ்வைத் துளைக்காமல் சிவப்புச் சாயம் பூண்ட ஸ்ட்ரெப்டாவிடின் என்ற, பயோட்டினை இறுகப் பற்றும் புரதத்தைச் சேர்க்க வேண்டும். வெளியே இருப்பவை பச்சையும் சிவப்பும் சேர்ந்து ஒளிரும். உள்ளே இருப்பவை பச்சை மட்டும். கன்ஃபோக்கல் நுண்ணோக்கியில் பார்த்தால், பாதி விழுங்கப்பட்ட துகளைச் சுற்றிச் சிவப்பு முழு வளையமாக இல்லாமல் பிறையாக நிற்பதைக் காணலாம். உயிரணு அதைக் கவ்விய பக்கம் இருண்டிருக்கும். விழுங்கலின் நடுக்கட்டத்தைக் காட்டும் சாயமுறை இக்கட்டுரை ஒப்பிடும் ஐந்தில் இதுவே. அமிலத்தன்மையைச் சார்ந்திராததால் நியூட்ரோஃபிலுக்கும் மேக்ரோஃபேஜுக்கும் பொதுவானது. ஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்திய பின் ஃபேகோசோமின் அமிலச் சரிவு கலைந்துவிடுவதால், நடுநிலைக் கரைசலில் எஃப்ஐடிசியும் தன் ஒளிர்வை மீளப் பெறும். குறை, வேலை. கழுவும் படிகள் அதிகம். ஒவ்வொன்றிலும் உயிரணு இழப்பு. பனிக்கட்டி வெப்பநிலையைக் கைவிட்டால் ஸ்ட்ரெப்டாவிடின் ஒட்டிய துகளையே உயிரணு விழுங்கிவிடும்.

கருவி நேரத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பல ஆய்வுக்கூடங்களுக்குச் சொந்த சைட்டோமீட்டர் கிடையாது; பொது வசதியில் மணிக்கணக்கில் பதிவுசெய்து பயன்படுத்துகிறோம். டிரிப்பான் புளூ அணைத்த மாதிரியையும் பிஎச்ரோடோ மாதிரியையும் உயிரோடு, உடனே ஓட்டியாக வேண்டும். முன்னால் பதிவுசெய்தவர் நேரம் தாழ்த்தினால் உங்கள் உயிரணுக்கள் குழாயில் காத்திருந்து மாறிப்போகும். இருநிற மாதிரியை நிலைப்படுத்தி, வெளிச்சம் படாமல் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் ஓட்டலாம். வேலை கூடுதலான முறை, இந்த ஒரு காரணத்தால் சில கூடங்களுக்கு எளிதான முறையாகிவிடுகிறது.

நியூட்ரல் ரெட் பற்றிச் சுருக்கமாக. மூலிகை ஆய்வுக் கட்டுரைகளில் இது மிகுதியாகக் காணப்படுகிறது: உயிரணுக்களுக்குச் சாயம் ஊட்டி, கழுவி, கரைத்து, 540 நானோமீட்டரில் நிறத்தை அளந்து, ‘விழுங்கும் திறன் உயர்ந்தது’ என்று எழுதுகிறார்கள். நியூட்ரல் ரெட் துகளே அன்று. கரைந்த சிறு மூலக்கூறு. அது சவ்வைத் தானாகவே கடந்து லைசோசோம் எனப்படும் செரிப்புப் பையின் அமிலத்தில் சிக்கிக்கொள்கிறது. உயிரணுக்கள் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று அளக்கவும் இதே சாயம் பயன்படுகிறது என்பதே போதிய எச்சரிக்கை. சாறு உயிரணுக்களைப் பெருகச் செய்தாலும் நிறம் கூடும். மலிவு என்பதற்காக இதைத் தேர்வுசெய்ய வேண்டாம். நைட்ரோபுளூ டெட்ராசோலியம் என்ற சாயம் நீலமாவதும் அப்படித்தான். அது ஆக்சிஜன் வெடிப்பை, அதாவது உயிரணு திடீரென சூப்பர்ஆக்சைடை உருவாக்குவதை அளக்கிறது, விழுங்கலை அன்று.

மூலிகைச் சாறு வரும்போது சாயத் தேர்வில் மேலும் சில கட்டுப்பாடுகள் சேர்கின்றன. மஞ்சளின் குர்குமின் பச்சையில் தானே ஒளிரும். எஃப்ஐடிசி அலைவரிசை மாசுபடும். இலைச் சாற்றில் எஞ்சிய பச்சையம் தொலைசிவப்பில் ஒளிரும். அங்கே சாயம் வைப்பவருக்குத் தொல்லை. சாறு மட்டும், துகள் இல்லாமல் ஒரு குழி வைத்துப் பார்ப்பது கட்டாயம். மஞ்சளுக்கு நான், துகளில் பச்சைக்குப் பதிலாகச் சிவப்புச் சாயமும் ஸ்ட்ரெப்டாவிடினில் வேறு நிறமும் வைத்து, இருநிற முறையைத் தேர்வேன். டிரிப்பான் புளூ பெரும்பாலும் பச்சையை அணைக்கவே ஏற்றது. லிங்ஸி போன்ற காளான் சாறுகளுக்குச் சைமோசானே பொருத்தமற்ற துகளாகலாம்: சைமோசானைப் பற்றும் டெக்டின்-1 ஏற்பியைச் சாற்றில் கரைந்திருக்கும் பீட்டா-குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி முன்கூட்டியே அடைத்துக்கொண்டால், உயிரணுவின் விழுங்கும் ஆற்றல் குறையாமலேயே எண் குறையும். அங்கே பாக்டீரியத் துகளையோ எதிர்ப்பொருள் பூசிய மணியையோ பயன்படுத்த வேண்டும்.

எண்டோடாக்சின் எனப்படும் பாக்டீரிய நச்சின் மாசையும் விட்டுவிட முடியாது; சாற்றில் அது இருந்தால் மேக்ரோஃபேஜைத் தூண்டியது மூலிகையா பாக்டீரியத்தின் எச்சமா என்று சொல்ல இயலாது. குதிரைலாட நண்டின் இரத்தத்திலிருந்து எடுக்கும் வழக்கமான சோதனைப்பொருள் பீட்டா-குளுக்கானுக்கும் எதிர்வினை காட்டிவிடும் என்பதால், தாவரச் சாறுகளுக்கு மறுசேர்க்கை ‘காரணி சி’ சோதனையே நம்பகமானது. அதை உருவாக்கியவர்கள் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டிங் ஜியாக் லிங், ஹோ பாவ் ஆகியோர். மரபணுவைத் தந்த நண்டினம் நம் மண்டாய்ச் சேற்றுப்படுகையில் இன்றும் வாழ்கிறது.

உயிரணு, துகள் ஆகியவற்றின் மூலமும் சாயத் தேர்வைத் தொடும். மனித உயிரியல் மருத்துவ ஆராய்ச்சிச் சட்டம் 2015இல் வந்தபின், கொடையாளர் இரத்தத்தைப் பயன்படுத்த நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் உரிய சம்மதமும் வேண்டும். பட்டியலிடப்பட்ட உயிருள்ள கிருமிகளுக்கு உயிரியல் காரணிகள், நச்சுப்பொருள்கள் சட்டம் பொருந்தும். குறுகிய காலத் திட்டப்பணிக்கு உயிரணு வரிசையும் சைமோசானுமே நடைமுறைக்கு ஏற்றவை. கொடையாளர் நியூட்ரோஃபில்கள் கிடைத்திருக்கும் கூடத்துக்கு இருநிற முறையையே சொல்வேன். பிஎச்ரோடோவை அங்கே அமிலமாதலைப் பற்றிய தனிக் கேள்விக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நம் மாணவருக்கு: சாறு பச்சையில் ஒளிரவில்லை என்று பார்த்தபின், எஃப்ஐடிசி அல்லது அலெக்சா 488 பிணைத்த சைமோசான், ஓர் உயிரணுவுக்குப் பத்துத் துகள் வீதம், 37 டிகிரியில் அரை மணி நேரம், பின் டிரிப்பான் புளூ. அதே நாளில் 4 டிகிரியில் ஒரு தட்டு. அங்கே ஒட்டுதல் நடக்கும், விழுங்கல் நடக்காது. ஆக்டினைத் தடுக்கும் சைட்டோகலாசின் டி சேர்த்த குழிகளும், அது கரைந்திருக்கும் டைமெத்தில் சல்ஃபாக்சைடு மட்டும் சேர்த்த குழிகளும் தேவை. இந்த மூன்று கட்டுப்பாடுகளில் அணைத்தபின் எஞ்சும் பச்சை ஒளிர்வு முதல் இரண்டில் அடிமட்டத்துக்கு விழ வேண்டும். விழவில்லையென்றால் அணைப்பு முழுமையாக நடக்கவில்லை, சாற்றுக் குழிகளைத் திறந்துகூடப் பார்க்க வேண்டாம். 4 டிகிரித் தட்டில் துகளையும் கரைசலையும் தனித்தனியே முன்பே குளிரவைத்துவிட்டுத்தான் கலக்க வேண்டும். அறை வெப்பநிலைத் துகளைக் குளிர்ந்த உயிரணுவின் மேல் ஊற்றினால், வெப்பம் இறங்குவதற்குள் முதல் சில துகள்கள் உள்ளே போய்விடும்.